சில்லினுள்ளே ஒரு பொதுப்பாட்டை

சலவை யந்திரத்தின் மூடிக்குப் பின்னாலும், மோட்டார்க் காரின் தடுப்புத் தொகுதியிலும், நோயாளியின் நரம்பினுள்ளே துளித்துளியாக மருந்தைச் செலுத்தும் பம்பியினுள்ளும் இக்காலத்திலே ஓரினத்தைச் சேர்ந்த சிறு பொருள் ஒன்று அமர்ந்து வேலை செய்கின்றது. நுண்கட்டுப்படுத்தி என்பது அதன் பெயர். கணினி என்றதும் திரையும் தட்டெழுத்துப் பலகையும் பலருக்கு நினைவில் எழும். நுண்கட்டுப்படுத்திக்கு அவை இரண்டும் இல்லை. விரல்நகத்திலும் சிறிய சிலிக்கன் துண்டு ஒன்றினுள்ளே, கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றும் முறைவழியாக்கி ஒன்று. மின்சாரம் நின்றாலும் செய்நிரலை அழியாது காக்கும் நினைவகம் ஒன்று. வேலை நடக்கும்போது எழுதி அழிப்பதற்கான நினைவகம் மற்றொன்று. வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் அளப்பன, மோட்டாரைச் சுழற்றுவன, பிற சாதனங்களுடன் செய்தி பரிமாறுவன எனப் பற்பல புறவலகுகள். இத்தனையும் ஒரே கூரையின் கீழ்க் குடியிருக்கின்றன.

குடியிருப்போர் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். அளக்கும் அலகு தான் கண்ட எண்ணை நினைவகத்திற்கு அனுப்ப வேண்டும். முறைவழியாக்கி அதனை எடுத்துக் கணக்கிட வேண்டும். கணக்கின் விடை மோட்டாரை ஆளும் அலகுக்குச் சென்றடைய வேண்டும். இப்போக்குவரத்து நடக்கும் கம்பிவழியே இங்கு பொருளாகின்றது. விளம்பரங்களிலே முறைவழியாக்கியின் வேகம் பெரிதாகப் பேசப்படும். கம்பிவழியைப் பற்றி ஒரு சொல்லும் இராது. ஆனால் மருந்துப் பம்பியின் துளி உரிய கணத்தில் விழுமா என்பது முறைவழியாக்கியின் வேகத்தை மாத்திரம் பொறுத்ததன்று. அக்கணத்திலே வழி யாருக்குத் திறந்திருந்தது, யார் எவ்வளவு நேரம் காத்து நின்றார் என்பதையும் பொறுத்தது. வழியை வகுப்பவனுடைய கலையின் பெரும்பகுதி, யார் காத்திருப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்வதில் அடங்கியிருக்கின்றது.

ஆங்கிலத்தில் இவ்வழிக்கு ‘பஸ்’ என்றே பெயர். தெருவில் ஓடும் பஸ் வண்டிக்கும் இதற்கும் உறவு உண்டு. இலத்தீன் மொழியிலே ‘ஒம்னிபஸ்’ என்றால் ‘எல்லார்க்கும்’ என்பது பொருள். எல்லாரும் ஏறும் வண்டிக்கு அப்பெயர் வந்தது. மின்னிலையங்களிலே பல மின்னாக்கிகளும் பல கிளைகளும் ஒருங்கே இணையும் தடித்த செப்புச் சட்டத்திற்கும் அப்பெயரே வந்தது. பின்னர் கணினியாளர் அதனை எடுத்துக்கொண்டனர். தமிழிலே இதனைப் ‘பாட்டை’ என்று வழங்குவது பொருத்தமானது. பாட்டை என்பது பலரும் நடந்து பண்பட்ட வழி. வண்டியின் பெயரைக் காட்டிலும் வழியின் பெயரே இப்பொருளுக்கு நன்கு இயையும்.

கணினியின் பாகங்களை ஒரே பொதுப்பாட்டையில் இணைக்கும் எண்ணத்திற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் டிஜிற்றல் எக்கியூப்மென்ற் நிறுவனம் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட பி.டி.பி.-11 என்னும் கணினியாகும். அதன் ‘யூனிபஸ்’ 56 சைகைக் கம்பிகளைக் கொண்டிருந்தது. நினைவகமும் புறச்சாதனங்களும் அதே கம்பிகளில் தொங்கின. அச்சுப்பொறிக்கும் ஒரு முகவரி, நினைவகத்தின் ஓர் அறைக்கும் ஒரு முகவரி. அறையில் எண்ணை எழுதும் அதே கட்டளையாலே அச்சுப்பொறிக்கும் எழுத்தை அனுப்பலாம். இவ்வெளிமை இன்றுவரை நுண்கட்டுப்படுத்திகளில் நிலைத்திருக்கின்றது.

அந்த யூனிபஸ்ஸிலே பாட்டையைக் கேட்கும் சாதனங்களுக்கு முன்னுரிமைத் தரங்கள் இருந்தன. ஒரே தரத்தில் இரண்டு சாதனங்கள் ஒருங்கே கேட்டால் என்ன செய்வது? இசைவுச் சைகை முறைவழியாக்கியிலிருந்து புறப்பட்டு, ஒரு சாதனத்தைக் கடந்தே அடுத்ததற்குச் செல்லும். வேண்டியவர் இடையிலே நிறுத்திக்கொள்வார். வேண்டாதவர் அப்பாற் கடத்திவிடுவார். ஆகவே அண்மையில் இருப்பவருக்கே முதலில் வாய்ப்பு. குளத்து நீரில் வேளாண்மை செய்வோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் வயலுள்ளவன் முதலில் பாய்ச்சிக்கொள்வான். கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்தபடி நிற்பான். நீர் மிகுந்த காலத்தில் இவ்வேறுபாடு தெரியாது. நீர் குறைந்த நாளிலேதான் கடைமடை வெடிக்கின்றது. பாட்டையின் குறையும் அவ்வாறே, நெரிசல் நேரும் கணத்தில் மாத்திரம் வெளிப்படும்.

தொடக்க கால நுண்கட்டுப்படுத்திகளில் இந்நெரிசல் பெரிதாக எழவில்லை. ரெக்சாஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் நிறுவனத்தார் 1974இல் விற்பனைக்குக் கொணர்ந்த ரி.எம்.எஸ். 1000 என்னும் சில்லிலே செய்நிரலுக்கு 1,024 பைற்று இடமும், எழுதி அழிக்க நான்கு பிற்று அறைகள் 64ம் இருந்தன. செய்நிரலுக்கு ஒரு வழி, எண்களுக்கு வேறொரு வழி எனப் பிரிந்திருந்தமையால் மோதலுக்கு இடமில்லை. இன்ரெல் நிறுவனத்தின் 8051 என்னும் சில்லு 1980இல் வந்தது. அது தன் ஒரு சுற்று வேலைக்குக் கடிகாரத்தின் 12 துடிப்புகளை எடுத்துக்கொண்டது. அத்தனை நிதானமாக நடப்பவனுக்கு ஒற்றையடிப் பாதையே போதுமானது. அதன் வழிவந்த சில்லுகள் இன்றும் உற்பத்தியாகின்றன என்பதையும் நினைவிற் கொள்ளுதல் தகும், பழமையென்று இகழத்தக்கதன்று.

நிலைமை 1990களில் மாறிற்று. ஒரு சில்லினுள்ளே அடங்கும் திரான்சிற்றர்களின் தொகை பெருகவே, முன்பு தனித்தனிச் சில்லுகளாக இருந்த அலகுகள் ஒரே துண்டினுள் வந்து சேர்ந்தன. அவற்றை வகுத்தவர்களோ ஒருவரல்லர். ஒரு குழுவினர் முறைவழியாக்கியையும், மற்றொரு குழுவினர் செய்தி அனுப்பும் அலகையும், வேறொரு நிறுவனத்தார் நினைவகத்தையும் வகுத்திருப்பர். ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய விதத்திலே கம்பிகளை வெளியே நீட்டினால், இணைப்பவன் ஒவ்வொரு சில்லுக்கும் புதிய மொழிபெயர்ப்பை ஆக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரத்து ஆர்ம் நிறுவனத்திற்கு இத்தொல்லை மிகுதி. 1990இல் நிறுவப்பெற்ற அது சில்லுகளைத் தானே செய்து விற்பதில்லை என்னும் கொள்கையோடு, முறைவழியாக்கியின் வரைபடத்தைப் பிறருக்கு உரிமம் தந்து பிழைத்தது. வாங்குவோர் எளிதில் இணைத்துக்கொள்ளப் பொதுவான ஓர் உடன்படிக்கை வேண்டியிருந்தது. அது 1996இல் ‘ஆம்பா’ என்னும் பெயரோடு வெளிவந்தது. எந்தக் கம்பியில் எப்போது என்ன சைகை இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த ஏடே அவ்வுடன்படிக்கை. எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று விடப்பட்டமையே அது பரவியதற்குப் பெருங்காரணம் எனலாம்.

அம்முதல் ஏட்டிலே ஒரு பழைய பழக்கம் ஒட்டியிருந்தது. அட்டைகளின் மேல் ஓடும் பாட்டைகளைப் போலவே, ஒரே கம்பியிற் பல அலகுகள் மாறிமாறிப் பேசும் முறை அது. ஒருவர் பேசும்போது ஏனையோர் கம்பியை விட்டுக் கைவாங்கி நிற்க வேண்டும். இருவர் ஒருங்கே பேசினால், ஒருவர் கம்பியை மேலே இழுக்க, மற்றவர் கீழே இழுக்க, வீணான மின்னோட்டம் பாய்ந்து வெப்பம் எழும். ஒருவருமே பேசாவிடிற் கம்பி நடுவில் மிதந்து, கேட்பவரை மயக்கும். ஒருவர் கைவிட்டு மற்றவர் பற்றுவதற்குள் சிறிது நேரமும் கழியும். சில்லின் உள்ளே இம்முறை எவ்வகையிலும் ஆதாயமன்று. கம்பியின் விலை வெளியே அதிகம். உள்ளே திரான்சிற்றரும் கம்பியும் மலிவு. ஆகவே 1999இல் வெளிவந்த ஆம்பாவின் இரண்டாம் ஏட்டிலே ‘ஏ.எச்.பி.’ என்னும் பாட்டை வகுக்கப்பட்டபோது, ஒவ்வோர் அலகுக்கும் தனிக்கம்பி தந்து, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து அனுப்பும் ஆளிகளை நடுவிலே வைத்தனர். எழுதுவதற்கு ஒரு தொகுதி, படிப்பதற்கு மற்றொரு தொகுதி. அன்று முதல் சில்லினுள்ளே பாட்டை என்று அழைக்கப்படுவது உண்மையில் எல்லாரும் நடக்கும் ஒற்றை வழியன்று. பல வழிகள் கூடும் ஓர் ஆளிச்சந்தியாகும். பெயர் நின்றுவிட்டது, பொருள் மாறிவிட்டது.

ஏ.எச்.பி. பாட்டையின் மற்றோர் இயல்பு, முகவரியையும் சரக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி அனுப்புதலாகும். முதலாம் துடிப்பிலே முகவரி செல்லும். இரண்டாம் துடிப்பிலே அம்முகவரிக்குரிய எண் செல்லும். அதே துடிப்பிலே அடுத்த முகவரியும் புறப்பட்டுவிடும். தடையில்லாதவரை ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் எண் போய்ச்சேரும். விடையளிக்க வேண்டிய அலகு ஆயத்தமாக இல்லையெனின், ‘ஆயத்தம்’ என்னும் ஒரு கம்பியைத் தாழ்த்திப் பிடிக்கும். உடனே வரிசை முழுவதும் அப்படியே நிற்கும். ஒரு கம்பிக்கு எத்துணை அதிகாரம் என்பது நோக்கற்பாலது. ஒரு சிறு புறவலகு தன் பிழையால் அக்கம்பியை விடாது பிடித்துக்கொண்டால், அப்பாட்டையை நம்பிய முறைவழியாக்கியும் மேலே நகராது. இரண்டாம் ஏடு, எந்த அலகும் 16 துடிப்புக்கு மேலே பிறரைக் காக்க வைக்கலாகாது என்று கூறுகின்றது. ஆனால் கட்டளையாக அன்று, பரிந்துரையாகவே கூறுகின்றது. இவ்விடத்திலே ஏட்டை எழுதியோர் சற்றுக் கடுமையாக இருந்திருக்கலாம்.

காத்திருப்பு எவ்வாறு பிறக்கின்றது என்பதை ஓர் உண்மைச் சில்லிலே பார்த்தல் நலம். எஸ்.ரி. மைக்ரோ எலெக்ற்றோனிக்ஸ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட எஸ்.ரி.எம். 32 எப் 103 என்பது உலகெங்கும் மாணவரும் தொழிலாளரும் நன்கறிந்தது. அதன் கடிகாரம் செக்கனுக்கு 7 கோடியே 20 இலட்சம் முறை, அதாவது 72 மெகாஹேட்ஸ் வேகத்தில் துடிக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 14 நானோ செக்கன். அந்நேரத்திலே ஒளியே 4 மீற்றருக்குச் சற்று மேலாகத்தான் செல்லும். செய்நிரலை வைத்திருக்கும் பிளாஷ் நினைவகமோ அத்தகைய விரைவுடையதன்று. கடிகாரம் 24 மெகாஹேட்ஸ் வரை துடித்தால் அது உடனுக்குடன் விடைதரும்; 48 வரை ஒரு துடிப்புக் காத்திருப்பு வேண்டும்; 72 வரை இரண்டு வேண்டும். கடிகாரத்தை மூன்று மடங்காக்கிய பின்னர் ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு துடிப்பு வீணே கழிந்தால், கைக்கு வந்தது என்ன?

இதற்கு வகுத்த வழி எளியது. நினைவகம் மெதுவாகத் தருகின்றது. ஆயின் ஒரே முறையில் நிறையத் தரட்டும். ஒரு வாசிப்பிலே 64 பிற்று வெளிவரும். அச்சில்லின் கட்டளைகளிற் பல 16 பிற்று அளவினவாதலின், ஒரு வாசிப்பிலே நான்கு கட்டளைகள் வந்து ஒரு சிறு தொட்டியில் நிற்கும். முறைவழியாக்கி அவற்றை உண்டுகொண்டிருக்கும்போதே அடுத்த நான்கும் எடுக்கப்படும். செய்நிரல் நேர்கோட்டிற் செல்லும்வரை காத்திருப்புப் புலப்படாது. திடீரென வேறிடத்துக்குத் தாவும்போது தொட்டியிலுள்ளவை பயனற்றுப் போக, மறைந்திருந்த இரண்டு துடிப்புகளும் வெளிவந்துவிடும். சராசரி நன்று, மோசமான கணமோ அப்படியே இருக்கின்றது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் அளவுகோலில்லாத தச்சனுக்கு ஒப்பாவான்.

அச்சில்லின் முறைவழியாக்கி ஆர்ம் நிறுவனம் 2004இல் அறிவித்த கோர்ற்றெக்ஸ்-எம் 3 ஆகும். அது மூன்று வாயில்களைக் கொண்டது. கட்டளைகளை எடுப்பதற்கு ஒன்று, செய்நிரலோடு கலந்துள்ள மாறா எண்களை எடுப்பதற்கு ஒன்று, எழுதி அழிக்கும் நினைவகத்தையும் புறவலகுகளையும் அணுகுவதற்கு ஒன்று. ஒரே கதவு இருப்பின், கட்டளை எடுப்பதும் எண் எடுப்பதும் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். 2009இல் வந்த சிறிய கோர்ற்றெக்ஸ்-எம் 0 ஒரே வாயிலோடு நிற்கின்றது. அது மலிவுக்காகச் செய்த விட்டுக்கொடுப்பு. மூன்று வாயில் சிறந்தது, ஒரு வாயில் தாழ்ந்தது என்று சொல்வதற்கில்லை. மின்னடுப்பின் வெப்பத்தைப் பார்ப்பதற்கு மூன்று வாயில் எதற்கு?

புறவலகுகளின் இயல்பு வேறு. செக்கனுக்கு 1,15,200 பிற்று வேகத்திலே செய்தி அனுப்பும் ஓர் அலகுக்கு, தொடக்க அடையாளமும் முடிவு அடையாளமும் சேர்ந்து ஒரு பைற்றுக்கு 10 பிற்று வேண்டும். அதற்குள் 72 மெகாஹேட்ஸ் கடிகாரம் 6,250 முறை துடித்துவிடும். அத்தகைய மந்தமான அலகை விரைவுப் பாட்டையிலே தொங்கவிட்டாற் பாட்டையின் சுமை கூடும். ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் கம்பிகளும் வீணே மின்னேற்றம் பெற்று இறங்கும். மின்கலத்தால் வாழும் சாதனத்திலே கம்பி ஒன்று மேலேறிக் கீழிறங்குவதே செலவாகும். ஆகவே மந்தமான அலகுகளுக்கென ‘ஏ.பி.பி.’ என்னும் ஒரு சிறு கிளைப்பாட்டையும், இரண்டுக்கும் நடுவே ஒரு பாலமும் அமைப்பர். மேற்கூறிய சில்லிலே இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று 72 மெகாஹேட்ஸ் வரை செல்லும், மற்றது 36ஐத் தாண்டாது. பாலத்தைக் கடப்பவர் சுங்கம் கட்டுவது போலச் சில துடிப்புகளைச் செலுத்தியாக வேண்டும்.

இனி, இக்கலையின் நெருக்கடியான இடம். முறைவழியாக்கி ஒருவரே பாட்டையைக் கோருபவராயின் சண்டை இல்லை. ஆனால் ஒவ்வொரு பைற்றையும் அவரே சுமந்து நடப்பது வீண்வேலை. அதனாற் சில்லினுள்ளே ‘நேரடி அணுகி’ என்னும் ஒரு சுமைகாரனையும் வைக்கின்றனர். ‘இவ்வலகிலிருந்து எண்ணை எடுத்து அவ்விடத்தில் வை, ஆயிரம் முறை செய்’ என்று சொல்லிவிட்டால், முறைவழியாக்கியை எழுப்பாமலே அது செய்துமுடிக்கும். இப்போது கோருபவர் இருவராயினர். இருவரும் ஒரே நினைவகத்தை ஒரே துடிப்பில் நாடினால், நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தீர்ப்புப் பிழைத்தால் என்ன ஆகும்? செய்தி பெறும் அலகு ஒன்று செக்கனுக்கு ஒரு கோடியே 80 இலட்சம் பிற்று வேகத்தில் பைற்றுகளைப் பெறுகின்றது எனக் கொள்க. 72 மெகாஹேட்ஸ் சில்லிலே 32 துடிப்புக்கு ஒரு பைற்று வந்திறங்கும். அடுத்தது வருமுன் முந்தியதை எடுத்துவிட வேண்டும். பாட்டை கிடையாமல் 32 துடிப்புக் கழிந்துவிட்டால் வெளியுலகம் பொறுத்திராது. அடுத்த பைற்று வந்துவிடும், ஒன்று தொலைந்துவிடும். சில்லு வெடிப்பதில்லை, விளக்கு அணைவதில்லை. ‘நிரம்பி வழிந்தது’ என்று ஒரு பிற்று மாத்திரம் எங்கோ உயர்ந்து நிற்கும். அதனைச் செய்நிரல் எழுதியவர் பாராவிடின், அளவு ஒன்று பிழையாகிவிட்டதென்பதை எவரும் அறியார். மூன்று நான்கு வேலைகள் ஒரே கணத்தில் நேர்ந்தாலன்றி இது நிகழாது. ஆதலின் பரிசோதனை மேசையிலே நாட்கணக்கில் ஓடிய சாதனம், வயலிலும் வீட்டிலும் வைத்தபின் மாதம் ஒரு முறை தடுமாறும். பொறியியலாளரின் உறக்கத்தைக் கெடுக்கும் பிழைகளுள் இதனைவிடக் கொடியது அரிது.

நடுவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிலையான முன்னுரிமை. பொறுக்கமாட்டாதவருக்கு முதலிடம் தந்துவிட்டால், அவருடைய காத்திருப்புக்கு ஓர் எல்லை உறுதியாகும். ஆனால் அவர் ஓயாது கேட்டுக்கொண்டிருந்தாற் கடைமடைக்காரன் கதிதான் ஏனையோருக்கு. மற்றது சுழல்முறை. ஒரு முறை பெற்றவர் வரிசையின் கடைக்குச் செல்வார். எஸ்.ரி.எம். 32 எப் 103இன் ஆளிச்சந்தி சுழல்முறையைக் கையாள்கின்றது. எவ்வளவு நெரிசலிலும் முறைவழியாக்கிக்குப் பாட்டையின் பாதிப் பங்கு குறையாது கிடைக்கும் என்று அதன் கையேடு உறுதி கூறுகின்றது. இவ்வுறுதிமொழியே சில்லை வாங்குபவன் தேடவேண்டிய பொருள். சுழல்முறையிலே கணக்கும் எளிது. நான்கு பேர் கோருகின்றனர், ஒவ்வொருவரும் ஒரு துடிப்பே எடுப்பர் என்றால், எவரும் மூன்று துடிப்புக்கு மேற் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் தொடர்ச்சியாக 16 துடிப்பு எடுக்க அனுமதி பெற்றிருப்பின் அக்கணக்குக் குலைந்துவிடும். நீண்ட தொடர்ச் சுமைகள் சராசரியை உயர்த்துகின்றன, காத்திருப்பையும் உயர்த்துகின்றன.

மூன்றாவதொரு வழியும் உண்டு. அது நடுவரைச் சாராதது. பொறுக்கமாட்டாதவனுக்குப் பொறுமையை விலைக்கு வாங்கிக் கொடுத்தல். செய்தி பெறும் அலகினுள்ளே ஒரு பைற்றுக்குப் பதிலாக 32 பைற்றுக்கு இடம் வைத்தால், முன்கூறிய 1,15,200 பிற்று வேகத்திலே அவ்வலகு ஏறத்தாழ 2.8 மில்லி செக்கன் வரை கவனிப்பாரின்றி இருக்கலாம். சிறு களஞ்சியம் ஒன்று பெரிய பாட்டையின் வேலையைச் செய்துவிடுகின்றது.

மோதலை முடிந்தவரை தவிர்த்துவிடும் அமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு, கேம்பிறிட்ஜ் நகரத்து றாஸ்ப்பெரி பை நிறுவனத்தார் 2021 சனவரியில் வெளியிட்ட ஆர்.பி. 2040 என்னும் சில்லாகும். அதனைத் தாங்கிய சிறு பலகை நான்கு டொலருக்கு விற்பனையாயிற்று. அதனுள்ளே இரண்டு முறைவழியாக்கிகள். நேரடி அணுகியோ படிப்பதற்கு ஒன்றும் எழுதுவதற்கு ஒன்றுமாக இரு வாயில்களைக் கொண்டது. ஆகக் கோருபவர் நால்வர். விடையளிப்பவருக்குப் பத்து வாயில்கள். நாலையும் பத்தையும் இணைக்கும் ஆளிப் பின்னல் ஒன்று நடுவே நிற்கின்றது. நால்வரும் வெவ்வேறு வாயில்களை நாடினால் நால்வருக்கும் ஒரே துடிப்பில் வழி கிடைக்கும். நடுவர்கள் வாயில்தோறும் தனித்தனியே இருக்கின்றனர்.

எழுதி அழிக்கும் நினைவகம் 264 கிலோபைற்று. அதனை ஒரே கட்டியாக வைத்திருந்தால் நால்வரும் ஒரே வாயிலில் நெரிந்திருப்பர். வகுத்தோர் அதனை ஆறு அறைகளாக்கினர். 64 கிலோபைற்று அறைகள் நான்கு, 4 கிலோபைற்று அறைகள் இரண்டு. இதனினும் நுட்பமான செய்கை, பெரிய நான்கு அறைகளுக்கும் முகவரி இட்ட விதம். முதற் சொல் முதலறையில், அடுத்த சொல் இரண்டாமறையில், மூன்றாவது மூன்றாமறையில், நான்காவது நான்காமறையில், ஐந்தாவது மீண்டும் முதலறையில் எனச் சீட்டுப் பகிர்வது போலப் பகிர்ந்துள்ளனர். இருவர் இரண்டு பட்டியல்களை வரிசையாகப் படித்துச் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்பில் இருவரும் முதலறையில் மோதுகின்றனர். ஒருவர் உட்செல்ல, மற்றவர் ஒரு துடிப்பு நிற்கின்றார். அடுத்த துடிப்பிலே முந்தியவர் இரண்டாமறைக்குப் போய்விடுகின்றார். பிந்தியவருக்கு முதலறை திறந்திருக்கின்றது. அதன்பின் இருவரும் ஓரடி இடைவெளியோடு ஒரே நடையிற் செல்வர், மறுபடி மோதுவதில்லை. நடுவர் ஒரே ஒருமுறை தலையிட்டார், ஒழுங்கு தானே அமைந்துவிட்டது.

எல்லார்க்கும் இது உவப்பாகாது என்பதையும் வகுத்தோர் உணர்ந்திருந்தனர். ஒரு வேலை எப்போதும் ஒரே நேரத்திலேயே முடிய வேண்டும் என்று விரும்புபவர், தமக்கென ஓரறையை ஒதுக்கி வேறெவரையும் உள்ளே விடாதிருக்க வேண்டும். பகிர்ந்த முகவரியிலே அது இயலாது. ஆகவே அதே நான்கு அறைகளுக்கும் பகிராத இரண்டாவது முகவரி வரிசையும் தந்திருக்கின்றனர். ஒரே வீட்டுக்கு இரண்டு இலக்கங்கள். சராசரியை நாடுபவர் ஒன்றால் வருவர், உறுதியை நாடுபவர் மற்றதால் வருவர். கடைநிலைச் சில்லு ஒன்றிலே இத்தகைய தெரிவை வைத்தது பாராட்டத்தக்கது. வெளிக்கம்பிகளை உயர்த்தித் தாழ்த்தும் அலகையோ அவர்கள் பாட்டையிலே வைக்கவேயில்லை. முறைவழியாக்கியின் பக்கவாயிலில் நேரே பொருத்தி, ஒரே துடிப்பில் அணுகவிட்டனர்.

இப்பின்னல்களை விரும்பியபடி பெருக்கலாமோ எனின், இயலாது. கோருபவரின் தொகையையும் விடையளிப்பவரின் தொகையையும் பெருக்கினால் வருவதே ஆளிகளின் தொகை. 4க்கு 10 என்றால் 40 சந்திகள். ஒவ்வொரு சந்தியிலும் முகவரிக்கு 32 கம்பி, எழுத 32, படிக்க 32. எல்லாம் சிலிக்கனில் இடம் பிடிக்கும். சைகை கடக்கும் தூரமும் கூடக் கடிகாரத்தைத் தளர்த்த வேண்டிவரும்.

உயிர் தங்கியிருக்கும் இடங்களிலே இக்கணக்கு வேறொரு கனம் பெறுகின்றது. பல முறைவழியாக்கிகள் ஒரே சில்லினுள் இருந்து பாட்டையையும் நினைவகத்தையும் பகிரும்போது, ஒன்றின் வேலை மற்றொன்றின் நேரத்தைக் குலைக்கக்கூடும். விமானங்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் அதிகாரிகளின் மென்பொருட் குழுவொன்று 2016இல் வெளியிட்ட அறிக்கை, இவ்வழிகளைக் ‘குறுக்கீட்டு வாய்க்கால்கள்’ என்னும் கருத்தமைந்த பெயரால் குறித்து, விண்ணப்பிப்போர் அவற்றைத் தேடிக் கண்டறிந்து கட்டுப்படுத்திக் காட்ட வேண்டும் என்று கூறிற்று. ‘பெரும்பாலும் உரிய நேரத்தில் முடியும்’ என்னும் சொல் அங்கே செல்லாது.

ஏடுகளும் வளர்ந்துகொண்டே வந்தன. 2015இல் வந்த ஏ.எச்.பி. 5, ஒவ்வொரு கோரிக்கையும் நம்பத்தக்க பகுதியிலிருந்து வருகின்றதா என்று அறிவிக்கும் கம்பியையும் சேர்த்தது. 2024இல் வந்த ஆர்.பி. 2350 என்னும் சில்லிலே இரண்டு ஆர்ம் முறைவழியாக்கிகளும், முற்றிலும் வேறான கட்டளைமொழி பேசும் இரண்டு ரிஸ்க்-வி முறைவழியாக்கிகளும் உள்ளன. சில்லு விழித்தெழும்போது இவ்விரு இனத்துள் எதனையும் தெரிந்துகொள்ளலாம். அவர் மாறி இவர் அமர்ந்தாலும் பாட்டை அதுவே. நினைவகத்துக்கும் புறவலகுக்கும் ஆள் மாறியது தெரியாது.

பாட்டையிலே நெரிசல் உண்டா என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய இயலாது. ஆதலால் ஆர்.பி. 2040இன் நடுவிலே நான்கு எண்ணிகள் வைக்கப்பட்டுள்ளன. எந்த வாயிலுக்கு எத்தனை முறை எவரேனும் வந்தனர், அவற்றுள் எத்தனை முறை மோதல் நேர்ந்தது என்று அவை எண்ணும். செய்நிரல் எழுதுபவர் சாதனத்தை ஒரு நாள் ஓடவிட்டுப் பின்னர் அவ்வெண்ணிகளைப் படித்துப் பார்க்கலாம். எண்ணி ஒன்றின் அகலம் 24 பிற்று. 1,67,77,215 என்னும் எண்ணை எட்டியதும் மேலே செல்லாமல் அங்கேயே நின்றுவிடும். மறுபடி தொடங்க வேண்டுமாயின் அதில் ஏதேனும் ஓர் எண்ணை எழுதினாற் போதும். அது பூச்சியத்திலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கும்.